கரையோரத்துப் பத்தாம் லொட்

வரிசையில் நிற்கும் வித்தையைக் கனடாவுக்கு வந்து யாரும் எங்கள் சனத்துக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்கு நின்றது, மாவுக்கு நின்றது, ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க நின்றது என்று அரைவாசி ஆயுள் அதிலேயே போய்விட்டது. அதில் ஒரு நுணுக்கமும் உண்டு. கால் கடுத்தால் ஆள் நிற்கவேண்டியதில்லை. ஒரு மண்ணெண்ணெய்க் கானை வைக்கலாம், ஒரு கல்லை வைக்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பையை வைத்துவிட்டு வேலிக்கரையில் குந்தியிருந்து ஊர்க்கதை கதைக்கலாம். அந்தப் பைக்கு ஆளுக்குரிய மரியாதை இருந்தது. அதைத் தள்ளிவைக்க எவனுக்கும் துணிவு வராது. தள்ளிவைத்தவனை அடுத்த கிழமை அந்த வரிசையில் யாரும் மனுசனாக மதிக்கமாட்டார்கள்.

கோணேஸ்வரன் திருகோணமலையான். அங்கேயும் இதே வழக்கந்தான். ஆகவே அவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லித் தப்பவைக்க எனக்கு வழியில்லை.

நடந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டு, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். ரொறன்ரோவில் கிங்ஸ்ரன் வீதியில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடுகளான ரெயிலர்களைப் பழசாக வாங்கி விற்கும் ஒரு வளவு இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு சின்ன ஏரிக்கரையில் ரெயிலர் நிறுத்தும் காணியும் இருந்தது. காணியை நாற்பது துண்டாகப் பிரித்து இலக்கம் போட்டிருந்தார். ஒரு துண்டுக்குப் பெயர் லொட். லொட் எடுத்தவர்கள் தங்கள் ரெயிலரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மே மாதத்திலிருந்து இலை கொட்டும்வரை சனி ஞாயிறுகளில் போய்த் தங்கலாம். நாற்பதில் பத்துத்தான் தண்ணீர்க்கரையில் இருந்தன. மற்றவை மரங்களுக்குள்ளேயும், றோட்டோரமாயும், கழிவுத்தண்ணீர் ஊற்றும் குழிக்குப் பக்கத்திலும். கரை முழுவதும் அந்தப் பத்து லொட்டுக்காரருக்கே சொந்தம். மற்றவர்களுக்கென்று விட்டிருந்தது, மோட்டார்ப் படகு இறக்கும் ஒரு சீமெந்துச் சரிவு மட்டும்.

முந்தின வருசம்வரை அந்த மனுசன் கரையோர லொட்டுகளைத் தனக்குப் பழக்கமானவர்களுக்கு ரெலிபோனிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முறைப்பாடு வைத்தார்கள். மனுசன் நேர்மையானவர், பிழையை ஏற்றுக்கொண்டார். இந்த முறை காலை ஒன்பது மணிக்கு வளவு வாசலில் இலக்க அட்டை கொடுப்போம், வந்த ஒழுங்கில் ஒருவருக்கு ஒரு அட்டை, அட்டை இலக்கப்படி லொட்டைத் தெரிவுசெய்யலாம் என்று கதவில் எழுதி ஒட்டினார். ஆள் நிற்கவேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

இந்தச் செய்தியைக் கோணேஸ்வரனுக்குக் கொண்டுவந்ததே சிவபாதத்தார்தான். அறுபது வயதான யாழ்ப்பாணத்து மனுசன், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருப்பவர். அவருக்கும் கோணேஸ்வரனுக்கும் சொந்தம் ஒன்றுமில்லை. எண்பத்தொன்பதில் கோணேஸ்வரன் ஒரு பையோடு வந்து இறங்கியபோது, யாரோ கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரு இரவு தங்கட்டும் என்றுதான் விட்டார்கள். அவன் எட்டு மாதம் இருந்தான். ஊரில் விட்டுவந்த மகன் ராகுலன் வந்தால் படுக்க என்று அவர்கள் வாங்கி வைத்திருந்த கட்டிலில்தான் அந்த எட்டு மாதமும் படுத்தான். சிவபாதத்தாரின் மனைவி புனிதவதி அவனுக்குச் சோறு போட்டா, வேலைக்குப் போக உடுப்பு அழுத்திக் கொடுத்தா, காய்ச்சலுக்கு மல்லி அவித்துக் கொடுத்தா. பிறகு அவன் அச்சகத்தில் வேலை எடுத்து, மனைவி தங்கேஸ்வரியைக் கூப்பிட்டு, ஸ்காபரோவில் வீடு பார்த்து, மகள் மிதுஷா பிறந்து, அவளுக்கும் ஐந்து வயதாகிவிட்டது.

ராகுலன் அந்தக் கட்டிலில் படுக்க வரவேயில்லை. தொண்ணூற்றுமூன்றில், அவனைக் கனடாவுக்குக் கூப்பிடப் பெற்றோர் போட்ட பொன்சர் சரிவந்து, கொழும்பில் இன்ரவியூவுக்குத் திகதி கொடுத்தார்கள். குடாநாட்டைவிட்டு வெளியே வருவதற்குக் நேவி சுட்டுக்கொண்டிருந்த கிளாலிக் கடல்நீரேரியைத் தவிர வேறு பாதை இல்லை. பிள்ளை கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறினான் என்று ஏற்றிவிட்டவர்கள் சொன்னார்கள். மறுகரையில் இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. நாள்கூட நிச்சயமாகத் தெரியாதபடியால் ஆடி அமாவாசையைத் திதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐயர் சொல்லிவிட்டார்.

ரொறன்ரோவில் தண்ணீருக்குப் பஞ்சமா என்று நீங்கள் கேட்கலாம். முதல் வருசத் திதிக்குப் புனிதவதி நகரத்து ஏரிக்கரைக்குப் போய்ச் சோற்று உருண்டையைத் தண்ணீரில் விட்டா. நாயோடு நடந்துவந்த ஒருவன் தண்ணீரை அசுத்தப்படுத்துகிறாய் என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டான். அதற்குப் பிறகு அங்கே போக மாட்டேன் என்றுவிட்டா. அதுமட்டுமல்ல, அந்தப் பெரிய ஏரியில் மறுகரை தெரியாது. மறுகரை தெரிகிற தண்ணீருக்குப் பக்கத்தில் கொஞ்சநாள் இருந்தால் போதும் என்று புருசனிடம் கேட்டா. நாலு வருசத்தில் அந்த மனுசி வாய்திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். சிவபாதத்தார் மூன்று மாதமாகப் பேப்பர் பேப்பராகத் தேடி இந்த ஏரியைக் கண்டுபிடித்தார். ஒரு பழைய ரெயிலரும் வாங்கினார். நல்ல விசயமென்று கோணேஸ்வரனுக்கும் சொன்னார். இரண்டு குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று ஆசைப்பட்டார்.

கோணேஸ்வரனுக்கும் ஆசை இல்லாமலில்லை. தங்கேஸ்வரி முதியோர் இல்லமொன்றின் குசினியில் காலையும் மாலையுமாக இரண்டு சிப்ற் வேலை செய்து களைத்துவருகிறவள். மிதுஷா, எங்கள் கதவைத் திறந்தால் தண்ணீர் என்று வகுப்பு முழுவதும் சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு அப்படி வாக்குக் கொடுத்தது கோணேஸ்வரன்தான். வாக்குக் கொடுத்தபோது நாற்பது லொட்டில் பத்துத்தான் கரையில் என்பது அவனுக்குத் தெரியாது.

அன்று காலை இரண்டு பேரும் ஆறு மணிக்கே போய்விட்டார்கள். அவர்களுக்கு முன்னே ஒன்பது பேர் நின்றார்கள். சிவபாதத்தார் பத்தாவது. கோணேஸ்வரன் அவருக்குப் பின்னால், பதினோராவது.

"பரவாயில்லை தம்பி. எல்லாரும் கரையிலைதான் எடுப்பினம் எண்டில்லை. ஆரும் ஒராள் மரநிழல் பாத்து உள்ளுக்கை எடுத்தால் உமக்கும் கிடைக்கும்," என்றார் சிவபாதத்தார். கோணேஸ்வரன் தலையாட்டினான். முன்னே நின்ற ஒன்பது பேரின் முகத்தையும் பார்த்தான். மரநிழல் பார்க்க வந்த முகமாக ஒன்றும் தெரியவில்லை.

குளிர் எலும்புக்குள் இறங்கியது. சிவபாதத்தாருக்குச் சலரோகம். எட்டரை மணிக்குப் பிறகு அவரால் சிறுநீரை அடக்கமுடியவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டோனட் கடை இருந்தது. தேத்தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்த பையைத் தான் நின்ற இடத்தில் வைத்தார். அது சரிந்துவிடாமல் ஒருதரம் நிமிர்த்தியும் வைத்தார்.

"பாத்துக்கொள்ளும் தம்பி. ஐஞ்சு நிமிசத்திலை வாறன்."

"ஓம் அண்ணை, போட்டு வாங்கோ."

அவர் போய் மூன்று நிமிசம் ஆகியிருக்காது. கதவு திறந்தது. குளிரில் இவ்வளவு பேரை நிற்கவைப்பது சரியில்லை என்று சொந்தக்காரர் இரக்கப்பட்டு, பத்து நிமிசம் முந்தியே தொடங்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வீஸில் வேலைசெய்யும் ஒரு இளம்பெண் அட்டைகளோடு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் அட்டையைக் கொடுத்துவிட்டுப் பையைப் பார்த்தாள். பிறகு கோணேஸ்வரனைப் பார்த்தாள். இது யாருடைய பை என்று கேட்டாள்.

கோணேஸ்வரன் றோட்டைப் பார்த்தான். டோனட் கடைக் கதவு மூடியிருந்தது. அவள் கையில் பத்தாம் அட்டை இருந்தது. அந்த நேரத்தில் அவனுடைய மனதில் பெரிய சூழ்ச்சி ஒன்றும் ஓடவில்லை. மிதுஷா கதவைத் திறக்கிறாள், தண்ணீர் தெரிகிறது. அவ்வளவுதான் வந்தது. அதற்குள் வாய் முந்திவிட்டது.

"தெரியாது," என்றான் இங்கிலீசில்.

அவள் பையைக் குனிந்து எடுத்துச் சுவரோரமாக வைத்தாள். பத்தாம் அட்டையை அவன் கையில் கொடுத்தாள். பதினோராம் அட்டை அவனுக்குப் பின்னால் நின்ற தொப்பிக்காரனுக்குப் போனது.

சிவபாதத்தார் அரக்கப்பரக்க ஓடிவந்தபோது பை சுவரோரத்தில் இருந்தது. கோணேஸ்வரன் பேசத் தொடங்க முதலே அவனுடைய முகம் கறுத்துவிட்டது. ஆனால் வாய் மட்டும் கூசவில்லை.

"சொல்லிப் பாத்தன் அண்ணை. உங்கடை பை எண்டு சொன்னனான். அவள் கேக்கேல்லை. ஆள் நிக்கவேணுமாம்."

மனுசன் கொஞ்சநேரம் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் தோளில் கைவைத்தார். "நீர் என்ன செய்யிறது. இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி," என்றார். பையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அவருக்கு இருபத்துமூன்றாம் அட்டை கிடைத்தது. கரையோரத்தில் பத்தாம் லொட்டைக் கோணேஸ்வரன் எடுத்தான். அவருடைய முறை வரும்போது மிஞ்சியிருந்தவற்றில், கழிவுத்தண்ணீர்க் குழிக்கு இருபதடி தள்ளியிருந்த ஒன்றை அவர் எடுத்தார். அதிலிருந்துதான் பத்தாம் லொட்டுக்கு நடை கிட்ட என்று காரணம் சொன்னார்.

இதைக் கேட்டு நீங்கள் கோணேஸ்வரனைத் திட்டலாம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அவனைவிடக் கடுமையாக அவனைத் திட்ட எங்களால் முடியாது. மே மாதத்திலிருந்து அவன் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்னவில்லை.

ஏனென்றால் அவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிபோல, சிவபாதத்தார் இரண்டு மடக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். புனிதவதி ஒரு சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு பின்னால் வருவா. ஒருநாள் ஒடியல் கூழ், ஒருநாள் கத்தரிக்காய்ப் பால்கறி, மிதுஷாவுக்கென்று இனிப்பான தொதல். வெறுங்கையோடு ஒருநாளும் வந்ததில்லை. கதிரையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டு, மறுகரையைப் பார்த்துக்கொண்டு இருப்பா. பின்னேரம்வரை இருப்பா. முதல் இரண்டு கிழமை ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் கிழமை மிதுஷாவைக் கூப்பிட்டுச் சீப்பெடுத்துத் தலையிழுத்துவிட்டா. ஜூன் கடைசியில் ஒருநாள், வாத்து ஒன்று சிவபாதத்தாரின் செருப்பைக் கொத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தா. சிவபாதத்தார் வாத்தை விட்டுவிட்டு மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பு போனது போனதுதான்.

"தம்பி, நீர் இந்தக் கரையை எடுத்தது நல்லதாப் போச்சு," என்று புனிதவதி அன்று சொன்னா. "வேறை ஆரும் எடுத்திருந்தால் என்னை இப்பிடி இருக்க விடுவினமே? என்ரை பிள்ளை இருந்தாலும் இப்பிடித்தான் பாத்திருப்பான்."

கோணேஸ்வரன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ரெயிலருக்குப் பின்னால் கொஞ்சநேரம் நின்றான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். கோபித்துக்கொண்டு வராமல் விட்டிருந்தாலும் தாங்கியிருப்பான். இந்த நன்றியைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் முடிவெடுத்தான். வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல், லொட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். ஜூலை மாதம் சொந்தக்காரர் காணிக்கு வந்திருந்தபோது போய்க் கேட்டான். எனக்கும் அந்த வயதானவருக்கும் லொட்டை மாற்றித் தாருங்கள், இரண்டு பேருக்கும் சம்மதம் என்றான். மனுசன் பொறுமையாகக் கேட்டார். பிறகு முடியாது என்றார். முன்பெல்லாம் ஆளுக்காள் லொட் மாற்றி, உள்ளுக்குள் பேரம் பேசி, வரிசையில் நின்றவனை முட்டாளாக்கினார்கள், ஆகவே இந்த வருசம் மாற்றம் இல்லை என்றார். உனக்குப் பத்தாம் லொட் வேண்டாமென்றால் விட்டுவிடு, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நிற்பவருக்கு அதைக் கொடுப்பேன் என்றார். முதலாவதாக நிற்பது யார் என்று கோணேஸ்வரன் கேட்டான். ஒஷாவாவிலிருந்து ஒரு குடும்பம் என்றார்.

மனுசன் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. நியாயமான சட்டம். ஒருதரம் களவெடுத்ததைத் திருப்பி வைப்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

இனிச் சொல்வதைத் தவிர வேறு வழி கோணேஸ்வரனுக்குத் தெரியவில்லை. ஆடி அமாவாசை ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்களும் விடுமுறையான லோங் வீக்கெண்ட். பத்தாம் லொட்டின் கரையில் வைத்துப் பிள்ளைக்குத் திதி செய்வதென்று புனிதவதியும் தங்கேஸ்வரியும் ஒரு மாதமாகக் கதைத்து வைத்திருந்தார்கள். வாழையிலைக்குச் சொல்லியாயிற்று. ராகுலனுக்குப் பிடித்தது என்ன என்று தங்கேஸ்வரி கேட்டு எழுதியும் வைத்துவிட்டாள். அந்தப் பொய்யின்மேல் இலையைப் போட்டுச் சோறு படைக்கவிடுவதா என்று கோணேஸ்வரன் தன்னையே கேட்டுக்கொண்டான். செத்த பிள்ளைக்கு முன்னால் பொய்யனாக நிற்கக்கூடாது என்று நினைத்தான். அவன் நினைத்தது பிழையென்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.

அமாவாசைக்கு முந்தின கிழமை, சனிக்கிழமை பின்னேரம், சிவபாதத்தார் தங்கள் ரெயிலரின் கழிவுத்தண்ணீர் வாளியைத் தூக்கப் போனார். கோணேஸ்வரன் பின்னால் போய் வாளியை வாங்கிக் குழியில் ஊற்றினான். பெண்கள் இரண்டு பேரும் கரையில் இருந்தார்கள். குழியின் மூடியைப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சொன்னான்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு லைனிலை அந்தப் பெட்டை பை ஆற்றை எண்டு கேட்டவள். நான் தெரியாது எண்டு சொன்னனான். உங்களுக்குச் சொன்னது பொய்."

சிவபாதத்தார் கவிழ்த்துவைத்த பால்பெட்டி ஒன்றின்மேல் இருந்தார். காற்று குழிப்பக்கமிருந்து அடித்தது. அவருக்கு அந்த நாற்றம் பழகியிருந்தது.

"தெரியும்," என்றார்.

கோணேஸ்வரனுக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கே தெரியும். எனக்கு அட்டை தரேக்கை, என்ரை பிறண்ட் சொல்லியும் ஏன் பிள்ளை கேக்கேல்லை எண்டு அவளைக் கேட்டனான். அவள்தான் சொன்னவள், உன்ரை பிறண்ட் தெரியாதெண்டவர் எண்டு. சொல்லியிருந்தா ஒரு ஐஞ்சு நிமிசம் பாத்திருப்பனே எண்டு கவலைப்பட்டவள்."

"அப்ப ஏனண்ணை… எல்லாம் தெரிஞ்சுகொண்டே வந்தனீங்கள்?"

"இவளுக்காக." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "நாலு வருசமா இவள் கண்ணாடி பாக்கேல்லை தம்பி. உம்மடை கரையிலை இருந்தாப்பிறகு சோறு தின்னுறாள், நித்திரை கொள்ளுறாள். அண்டைக்கு வாத்தைப் பாத்துச் சிரிச்சதைக் கண்டனீரெல்லே. அதுக்கு முன்னாலை எனக்கு என்ரை கோவம் பெரிசாத் தெரியேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டன். நீர் வாய் திறக்காத வரைக்கும் எனக்கும் அது சுகமா இருந்தது. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தன்."

கோணேஸ்வரன் அழுதான். வளர்ந்த ஆண் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதான். மன்னித்துவிடுங்கள் என்றான். சிவபாதத்தார் எழும்பி, அன்று வரிசையில் வைத்தமாதிரித் தோளில் கை வைக்கவில்லை.

"ஏன் தம்பி இப்ப சொன்னனீர்?"

"மனம் கேக்கேல்லை அண்ணை."

"உம்மடை மனம் இனி ஆறும். நல்லது." அவருடைய குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "என்னாலை இனி அந்தக் கரைக்கு வரேலாது. தெரியாதவன் மாதிரி வந்து இருந்தன், சரி. நீர் முகத்துக்கு நேரை சொன்னாப்பிறகும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தால், பறிச்சவன்ரை வாசல்லை பிச்சைக்கு நிக்கிறமாதிரி. அது என்னாலை ஏலாது. நான் அப்பிடி வளரேல்லை."

"அண்ணை, நான் விட்டிட்டுப் போறன். நீங்கள் அங்கை இருங்கோ. நாங்கள் வரேல்லை."

"வரத்தேவையில்லை எண்டு ஆருக்குச் சொல்லுவீர்? உம்மடை மனுசிக்கோ? உம்மடை பிள்ளைக்கோ? என்ன காரணம் சொல்லுவீர்?" அவர் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒண்டுமட்டும் செய்யும். இவளுக்குச் சொல்லாதையும். உம்மை அவள் தன்ரை பிள்ளை எண்டு நினைச்சிருக்கிறாள். அதையும் அவளிட்டையிருந்து எடுக்கவேண்டாம்."

கோணேஸ்வரன் வாக்குக் கொடுத்தான். வேறென்ன செய்வது. அந்தப் பின்னேரம் சிவபாதத்தார் கரைக்கு வந்து, தலையிடிக்கிறது என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கதிரைகளையும் மடக்கி எடுத்துப் போனார். வழக்கமாக அவற்றை ஞாயிறுவரை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கேஸ்வரி விடியவே முழுகிவிட்டாள். கரையில் ஒரு துண்டு இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். மிதுஷாவைக் கொண்டு, ரெயிலருக்குப் பின்னால் பூத்திருந்த பெயர் தெரியாத மஞ்சள் பூக்களைப் பிடுங்கி வைத்தாள். பயற்றங்காய்க் கறியும் பருப்பும் கொண்டுவருவதாகப் புனிதவதி சொல்லியிருந்தபடியால், தான் சோறும் பாயாசமும் மட்டும் வைத்தாள். ஒன்பது மணியாயிற்று, பத்தாயிற்று. படகு இறக்கும் சரிவுப் பக்கம் ஒரே இரைச்சலாக இருந்தது. நீண்ட விடுமுறையென்று காணி நிரம்ப ஆட்கள்.

"அங்கிளும் அன்ரியும் ஏன் இன்னும் வரேல்லை? They're late," என்றாள் மிதுஷா.

"வருவினம்," என்றான் கோணேஸ்வரன். வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே சொன்னான்.

பத்தரைக்கு மேல் தங்கேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. என்னவென்று பார்த்து வருகிறேன் என்று மரங்களுக்குள்ளால் நடந்தாள். கோணேஸ்வரன் கரையில் கதிரையைப் போட்டு இருந்தான். மறுகரையில் யாரோ ஒரு பச்சைநிறக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கிட்டவாக அந்தக் கரை தெரிந்தது.

அரைமணி நேரத்துக்குப் பிறகு தங்கேஸ்வரி திரும்பி வந்தாள். அவளுடைய முகம் சரியில்லை. மிதுஷாவை ரெயிலருக்குள் போகச் சொன்னாள்.

"அங்கையே வைச்சு முடிச்சிட்டினம்," என்றாள். "அந்த நாறல் குழிக்குப் பக்கத்திலை. உடுப்புத் தோய்க்கிற பிளாஸ்ரிக் பேசினிலை பைப்புத் தண்ணியைப் பிடிச்சு வைச்சு, அதுக்குள்ளை புனிதவதி அக்கா சோத்து உருண்டையை விட்டிட்டு இருக்கிறா. அது கரைஞ்சுகொண்டு கிடக்குது. இவ்வளவு தண்ணி இஞ்சை கிடக்க ஏனண்ணை எண்டு கேட்டன். அவர் என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

கோணேஸ்வரன் மறுகரையைப் பார்த்தான்.

"அக்காவுக்கும் ஒண்டும் விளங்கேல்லை. அவர் வரமாட்டன் எண்டிட்டாராம், ஏனெண்டு சொல்லுறார் இல்லையாம். அக்கா ஒரு கிழமையா யோசிச்சுப் பாத்தவாவாம். நெடுக வந்து இருந்தது உங்களுக்குக் கரைச்சலாப் போச்சுதோ எண்டு கேக்கிறா. தான் பிள்ளைக்குத் தலையிழுத்துவிட்டது பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறா." தங்கேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "தங்கடை பக்கம் ஏதும் பிழை நடந்திருந்தால் மனசிலை வைச்சிருக்காமல் மன்னிச்சுக்கொள்ளச் சொல்லி, உங்களிட்டைச் சொல்லச் சொன்னவா."

தங்கேஸ்வரி மறுமொழிக்காக நின்றுகொண்டிருந்தாள். கோணேஸ்வரன் கதிரையைவிட்டு எழும்பவில்லை.